நெட் வரவில்லை: கோளாறு எந்த இடத்தில் என்று நீங்களே பார்க்கலாம்

"நெட் வரலை" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். வைக்கோல் ஏற்றிவந்த லாரி தெருவில் தொங்கிய ஃபைபர் கேபிளை இழுத்துக்கொண்டு போயிருந்தாலும் நெட் வராது. ரவுட்டரின் அடாப்டர் போயிருந்தாலும் வராது. மாதக் கட்டணம் கட்ட மறந்திருந்தாலும் வராது. கணினியின் கடிகாரம் தப்பான வருடத்தைக் காட்டிக்கொண்டிருந்தால்கூடப் பெரும்பாலான தளங்கள் திறக்காது. இந்தக் காரணங்களுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. ஆனால் நமக்குத் தெரிவதெல்லாம் ஒன்றுதான்: பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் இணைப்பு இல்லை என்று வரும்.

அதனால் பலரும் தோன்றியதையெல்லாம் செய்து பார்க்கிறார்கள். வயரைப் பிடுங்கி மாட்டுவது, வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவது, பின் ஊசியால் ரவுட்டரின் ஓட்டைக்குள் குத்துவது. ஏதோ ஒன்று தற்செயலாகப் பலித்தாலும் எது பலித்தது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பலிக்காவிட்டால் நன்றாக இருந்ததும் கெட்டிருக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால், கோளாறு எந்த இடத்தில் என்று பாருங்கள். இதற்குக் கணினிப் படிப்பு எதுவும் வேண்டாம். இணைப்பு எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று தெரிந்தால் போதும், ஒவ்வொரு துண்டாகச் சோதித்துவிடலாம்.

இன்று நம் ஊர்களில் அதிகம் இருக்கும் ஃபைபர் இணைப்பையே எடுத்துக்கொள்வோம். நெட் கொடுக்கும் கம்பெனியின் இடத்திலிருந்து கிளம்பும் ஒளி, தெருக் கம்பங்களில் தொங்கும் கண்ணாடி இழை வழியாக உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டிக்கு வருகிறது. நாம் பொதுவாக மோடம் என்று சொல்லும் அந்தப் பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர். ஒளியை மின் சைகையாக மாற்றுவது அதன் வேலை. அங்கிருந்து, இணைப்பை வீட்டுச் சாதனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரவுட்டர். பல வீடுகளில் ஓ.என்.டி.யும் ரவுட்டரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ரவுட்டரிலிருந்து வைஃபை வழியாகவோ லேன் கேபிள் வழியாகவோ உங்கள் கணினி. ஆக மூன்று துண்டுகள்: கணினியிலிருந்து ரவுட்டர் வரை, ரவுட்டரிலிருந்து கம்பெனி வரை, கம்பெனியிலிருந்து வெளி உலகம் வரை. முதல் துண்டு முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவதில் வீட்டுக்குள் இருக்கும் பகுதி மட்டும். மூன்றாவதில் நீங்கள் செய்ய எதுவும் இல்லை.

வீட்டில் எதிலுமே வரவில்லையா, கணினியில் மட்டுமா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. வீட்டில் இருக்கும் போனை எடுத்து அதில் நெட் வருகிறதா என்று பாருங்கள். ஆனால் பார்ப்பதற்கு முன் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஏமாறுபவர்கள் ஏராளம். வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் சத்தமில்லாமல் சிம் கார்டின் டேட்டாவுக்கு மாறிவிடும். "போன்ல வருதே, கம்ப்யூட்டர்லதான் வரலை" என்று நினைத்துக் கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே அது ஒழுங்காக ஓடும்.

இன்னொன்று, எப்போதும் திறக்கும் தளத்தைத் திறந்து சோதிக்காதீர்கள். பழைய பக்கத்தை போன் சேமித்து வைத்திருக்கும், அதையே எடுத்துக் காட்டிவிடும். இதுவரை தேடாத எதையாவது தேடிப் பாருங்கள்.

போனில் வந்து கணினியில் வரவில்லை என்றால், பெட்டிக்கும் கம்பெனிக்கும் வேலையில்லை; கோளாறு கணினியில். இரண்டிலும் வரவில்லை என்றால் கணினியை விட்டுவிட்டுப் பெட்டியிடம் போங்கள்.

இதையே திருப்பிப்போட்டும் சோதிக்கலாம். அணைத்த மொபைல் டேட்டாவை மறுபடி போட்டு, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, கணினியை அதனுடன் இணையுங்கள். அதில் நெட் வந்தால் கணினி நன்றாகத்தான் இருக்கிறது. இந்த இரண்டு சோதனைக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

பெட்டியின் விளக்குகள்

ஓ.என்.டி. பெட்டியின் முகப்பில் வரிசையாகச் சின்ன விளக்குகள் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறினாலும் மூன்று நான்கு பெயர்கள் எல்லாவற்றிலும் இருக்கும். ஒழுங்காக ஓடும் ஒரு நாளில் அந்த விளக்குகளை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு வரும் அன்று எது மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல உதவி வேறில்லை.

முதலில் பவர் விளக்கு. அது எரியவே இல்லை என்றால் அடாப்டரைப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்கு 12 வோல்ட் அடாப்டர்தான். வருடக்கணக்கில் இரவு பகல் ஓடும் சாதனம் அது. மின்சாரம் அடிக்கடி ஏறி இறங்கும் ஊர்களில் பெட்டிக்கு முன்னால் அடாப்டர்தான் சாகும். முழுவதும் சாகாமல் பலவீனமாகிவிட்டால் இன்னும் தொல்லை. விளக்கு எரியும், ஆனால் பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக அணைந்து எழுந்திருக்கும். அப்படி நடந்தால் அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர் கொண்ட வேறொரு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். வோல்ட் மட்டும் மாறவே கூடாது. எண்களும் பிளஸ் மைனஸ் குறியும் அடாப்டரின் அடியில் அச்சிட்டிருக்கும்.

அடுத்தது எல்.ஓ.எஸ். என்று ஆங்கில எழுத்து போட்ட விளக்கு. இது சாதாரணமாக அணைந்திருக்க வேண்டும். சிவப்பில் மின்னினால் பெட்டிக்கு ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது, அல்லது இணைப்பு கழன்றிருக்கிறது. இதற்குக் கணினியில் என்ன செய்தாலும் பலன் இல்லை.

சிவப்பு மின்னும்போது வீட்டுக்குள் பார்க்க ஒன்றிரண்டு விஷயம் உண்டு. ஃபைபர் வயர் மஞ்சள் அல்லது வெள்ளை நிறத்தில் மெல்லியதாக, பெரும்பாலும் பச்சை முனையோடு பெட்டியின் பின்னாலோ அடியிலோ செருகியிருக்கும். அது முழுவதும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். வயர் எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா, சோபாவின் காலுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, கதவிடுக்கில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஓடுவது கண்ணாடி இழை. செம்புக் கம்பியை எப்படி மடக்கினாலும் வேலை செய்யும், இது அப்படியில்லை. அளவுக்கு மீறி வளைத்தால் ஒளி வெளியே கசிய ஆரம்பிக்கும். எலியும் அணிலும் கடிப்பதும் நடக்கிற காரியம்தான்.

முனையைக் கழற்றி ஊதித் துடைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசியும் விரல் பிசுக்கும் அந்த முனையில் பெரிய தடை. அதைவிட முக்கியம், அந்த முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. கம்பெனியிலிருந்து வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும் அகச்சிவப்பு லேசர். கண்ணுக்குத் தெரியாது, தெரியாததாலேயே ஆபத்து இல்லை என்று நினைக்கத் தோன்றும். குழந்தைகள் கையில் அது சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்.ஓ.எஸ். அணைந்திருக்கிறது, பி.ஓ.என். என்று எழுதிய விளக்கு நிலையாகப் பச்சையில் எரிகிறது என்றால் ஒளி வருகிறது, கம்பெனியின் கருவி உங்கள் பெட்டியை அடையாளம் கண்டுகொண்டது. பி.ஓ.என். மின்னிக்கொண்டே இருந்தால் அடையாளம் காணும் வேலை முடியவில்லை. சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் புகார் கொடுக்க வேண்டியதுதான்.

இண்டர்நெட் என்று எழுதிய விளக்கு, சில பெட்டிகளில் பூமிப் பந்துப் படம், அணைந்தோ சிவப்பாகவோ இருந்தால் அது வேறு கதை. கேபிள் நன்றாக இருக்கிறது, ஆனால் உங்கள் கணக்குக்குள் பெட்டியால் நுழைய முடியவில்லை. பல கம்பெனிகளில் ஒவ்வொரு வீட்டு ரவுட்டருக்கும் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் போட்டு வைத்திருப்பார்கள். ரவுட்டர் எழும்போதெல்லாம் அதைச் சொல்லி உள்ளே நுழையும். இது வைஃபை பாஸ்வேர்ட் இல்லை, வேறு. கட்டணம் கட்டாமல் இருந்தால் இங்கே தடுப்பார்கள். சில நேரம் திடீரென்று கரண்ட் போய் வரும்போது பழைய நுழைவு இன்னும் உயிரோடு இருப்பதாகக் கம்பெனியின் கருவி நினைத்துக்கொண்டு புதிய நுழைவை மறுக்கும். பெட்டியைப் பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டுப் போட்டால் அது தானாகச் சரியாகிவிடும்.

அணைத்துப் போடுவதும் ரீசெட்டும் ஒன்றல்ல

அணைத்துப் போடுவதை மட்டமாக நினைக்க வேண்டாம். ரவுட்டரும் ஒரு சின்னக் கணினிதான். வீட்டில் யார் எந்தத் தளத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியலை அது நினைவில் வைத்திருக்கும். நாள்கணக்கில் ஓடும்போது அதில் சிக்கல் விழலாம். அணைத்தால் அந்த நினைவு அழிந்து, கம்பெனியோடு புதிதாகப் பேசித் தொடங்கும். சுவிட்சை அணைத்து ஒரு நிமிடமாவது விட்டுப் போடுங்கள். உடனே போட்டால் உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரத்தில் பழைய நிலையே தொடரக்கூடும். ஓ.என்.டி.யும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் முதலில் ஓ.என்.டி.யைப் போட்டு, அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டரைப் போடுங்கள். விளக்குகளைப் பார்த்து வைத்த பிறகே இதைச் செய்யுங்கள். முதலிலேயே அணைத்தால் தடயம் போய்விடும்.

பெட்டியின் பின்னால் இருக்கும் ஊசி ஓட்டை வேறு. அதற்குள் பத்து விநாடி குத்திப் பிடித்தால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். வைஃபை பெயர், பாஸ்வேர்ட், நான் மேலே சொன்ன அந்தப் பயனர் பெயர் எல்லாம் அழிந்துவிடும். அது உங்களிடம் எழுதி வைத்திருக்கவில்லை என்றால் ஆள் வந்து போட்டுக் கொடுக்கும் வரை நெட் கிடையாது. சனிக்கிழமை மாலை இதைச் செய்துவிட்டுத் திங்கட்கிழமை வரை காத்திருக்கும் வீடுகளைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கும். கஸ்டமர் கேரில் இருப்பவரே சொன்னால் ஒழிய அந்த ஓட்டையைத் தொடாதீர்கள்.

கறுப்புத் திரையில் நான்கு கேள்விகள்

விளக்கெல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் வரவில்லை. இப்போது கணினியையே கேட்கலாம். விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி சி.எம்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டி என்டர் அழுத்தினால் ஒரு கறுப்புத் திரை வரும். இதைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. நாம் இங்கே கேள்வி கேட்கப்போகிறோம், அவ்வளவுதான். இந்தக் கட்டளைகளால் எதுவும் கெடாது.

முதல் கேள்வி, எனக்கு முகவரி கிடைத்திருக்கிறதா? ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் தட்டுங்கள். நிறைய வரிகள் வரும். ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியும் டிஃபால்ட் கேட்வே என்ற வரியும் மட்டும் நமக்குப் போதும்.

வீட்டில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரவுட்டர் ஒரு எண் முகவரி கொடுக்கும். அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். சில ரவுட்டர்களில் 10 என்று தொடங்கலாம். வீட்டுக்குள் பயன்படுத்துவதற்காகவே ஒதுக்கிய எண்கள் இவை. உங்கள் கணினிக்கு 192.168.1.5 என்று இருந்தால் பக்கத்து வீட்டுக் கணினிக்கும் அதே எண் இருக்கலாம், மோதல் வராது. டிஃபால்ட் கேட்வே என்பது ரவுட்டரின் சொந்த முகவரி, 192.168.1.1 போல.

முகவரி 169.254 என்று தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுங்கள். கணினி முகவரி கேட்டது, ரவுட்டர் பதில் சொல்லவில்லை, அதனால் கணினி தானே ஒரு முகவரியை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஆக, கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான் கோளாறு. லேன் கேபிளா, இரு முனையிலும் கிளிக் என்று சத்தம் வரும்படி செருகுங்கள். வைஃபையா, அந்த வைஃபையை மறந்துவிடும்படி விண்டோஸுக்குச் சொல்லி, பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுத்து இணையுங்கள்.

இரண்டாவது கேள்வி, ரவுட்டர் வரை போக முடிகிறதா? இதற்குப் பிங் (ping) என்ற கட்டளை. மைக் மூஸ் என்ற அமெரிக்க நிரலாளர் 1983 டிசம்பரில் எழுதியது. தான் வேலை பார்த்த ராணுவ ஆய்வகத்தின் வலைப்பின்னலில் வந்த ஒரு கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் அதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலியைப் பெயராக வைத்தார். நாற்பது வருடம் தாண்டியும், அதே வேலைக்கு, அதே கட்டளையை உலகம் முழுக்கத் தட்டுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பிங் என்று தட்டி ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். கணினி நான்கு முறை கூப்பிட்டுப் பார்க்கும். ரிப்ளை ஃப்ரம் என்று தொடங்கும் நான்கு வரி வந்தால் ரவுட்டர் வரை வழி சரி. அதே வரியில் டைம் என்று ஒரு எண் இருக்கும். போய் வர எத்தனை மில்லி விநாடி ஆனது என்பது. ரவுட்டர் பக்கத்திலேயே இருப்பதால் ஒன்று, இரண்டு, ஐந்து என்று சின்ன எண்ணாக இருக்க வேண்டும். ஒரு வரியில் 3, அடுத்ததில் 400, அடுத்ததில் ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் என்று வந்தால் வைஃபை தடுமாறுகிறது. கம்பெனியைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

மூன்றாவது, வெளியே போக முடிகிறதா? பிங் 8.8.8.8 என்று தட்டுங்கள். கூகுள் 2009-லிருந்து பொதுவில் திறந்து வைத்திருக்கும் சேவையின் முகவரி அது. நினைவில் வைப்பது சுலபம் என்பதால் எல்லோரும் சோதனைக்கு இதையே பயன்படுத்துகிறார்கள். கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்பதும் அப்படித்தான். ரவுட்டர் பதில் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை என்றால் பழுது உங்கள் ரவுட்டருக்கு அப்பால். ஃபைபரில் இந்த நேரம் பெரும்பாலும் 50 மில்லி விநாடிக்குள் இருக்கும்.

நான்காவது, பெயர் சொன்னால் கண்டுபிடிக்க முடிகிறதா? இப்போது எண்ணுக்குப் பதிலாக ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துப் பிங் செய்யுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்குக் குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட் என்று வந்தால் டி.என்.எஸ். கோளாறு.

டி.என்.எஸ். என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் வராத வினோதமான நிலைக்கு அதுதான் பெரும்பாலும் காரணம். இணையத்தில் சாதனங்கள் எண்ணால்தான் ஒன்றையொன்று கூப்பிடுகின்றன. நமக்குத்தான் பெயர் வேண்டியிருக்கிறது. ஆரம்ப காலத்தில் எல்லாப் பெயர்களையும் எண்களையும் ஒரே கோப்பில் எழுதி ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் வைத்திருந்தார்கள். எல்லோரும் அங்கிருந்து நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த முறைதான் இன்றுள்ள டி.என்.எஸ். நீங்கள் ஒரு பெயரைத் தட்டியதும் கணினி முதலில் ஒரு டி.என்.எஸ். சர்வரிடம் எண்ணைக் கேட்டு வாங்கி, பிறகே அந்தத் தளத்தைக் கூப்பிடும். போனில் சேமித்த பெயர்களெல்லாம் அழிந்துபோனால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்: சிக்னல் முழுதாக இருக்கிறது, கால் வந்தால் பேசலாம், ஆனால் அம்மாவின் நம்பர் மனப்பாடம் இல்லாததால் கூப்பிட முடியாது. டி.என்.எஸ். கோளாறும் அதுதான். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ கால் நிற்காமல் போகும், புதிதாக ஒரு தளமும் திறக்காது.

வீட்டு இணைப்பில் இந்த எண் கேட்கும் வேலையைப் பொதுவாகக் கம்பெனியின் சர்வர்தான் செய்யும். அது படுத்துவிட்டால் வேறொன்றிடம் கேட்கும்படி கணினிக்குச் சொல்லிவிடலாம். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் இணைப்பின் விவரத்தில் டி.என்.எஸ். சர்வர் என்ற இடத்தில் தானியங்கி என்பதை மாற்றி 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கொடுங்கள். உடனே தளங்கள் திறந்தால் கோளாறு எதுவென்று உறுதியாகிவிட்டது.

கணினியில் மட்டும் வராதபோது

போனில் நன்றாக வருகிறது, கணினிதான் அடம்பிடிக்கிறது என்றால் சாதாரண விஷயங்களிலிருந்து தொடங்குங்கள். மடிக்கணினியில் விமான முறை பொத்தான் தவறுதலாக அழுந்தியிருக்கும். இணைப்பை வேறொரு சர்வர் வழியாகக் கொண்டுபோகும் வி.பி.என். செயலி பாதியில் நின்றிருக்கும். அலுவலக வேலைக்காகப் போட்ட ப்ராக்ஸி அமைப்பை, அதாவது பிரவுசரை இடையில் ஒரு கணினி வழியாக அனுப்பும் அமைப்பை, எடுக்க மறந்திருப்பீர்கள். அப்படியானால் பிங் எல்லாம் சரியாக வரும், பிரவுசர் மட்டும் திறக்காது. காலாவதியான ஆன்டிவைரஸும் சில நேரம் வழியை மறிக்கும்.

கடிகாரத்தைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய தளங்கள் ஏறக்குறைய அனைத்தும் பாதுகாப்புச் சான்றிதழ் காட்டித்தான் திறக்கின்றன. அந்தச் சான்றிதழுக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று காலம் உண்டு. உங்கள் கணினியின் தேதி பத்து வருடம் பின்னால் இருந்தால், அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் மறுத்துவிடும். தேதியைத் திருத்தினால் உடனே திறக்கும். கணினியை மெயின் சுவிட்சில் அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி மறுபடி பழையபடி போனால், மதர்போர்டில் ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. சி.ஆர். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

வருகிறது, ஆனால் மெதுவாக

கம்பெனி 100 எம்.பி.பி.எஸ். என்கிறது, டவுன்லோட் செய்யும்போது 12 என்றுதான் காட்டுகிறது, ஏமாற்றுகிறார்கள் என்று பலரும் கொதிப்பதுண்டு. இதில் ஏமாற்று இல்லை. கம்பெனி சொல்வது பிட் கணக்கு, டவுன்லோட் காட்டுவது பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. பல வீட்டுத் திட்டங்களில் மாதத்துக்கு 3300 ஜிபி போல ஒரு வரம்பும் உண்டு. அதைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். மாதக் கடைசியில் மட்டும் மெதுவானால் கம்பெனியின் செயலியில் அந்தக் கணக்கைப் பாருங்கள்.

உண்மையிலேயே மெதுவாக இருந்தால், கணினியை லேன் கேபிளில் மாட்டி வேகத்தை அளந்து பாருங்கள். கேபிளில் முழு வேகம், வைஃபையில் பாதி என்றால் வைஃபையைத்தான் கவனிக்க வேண்டும். ரவுட்டரில் பெரும்பாலும் இரண்டு வைஃபை இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஆனால் ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் பாதி வலு போய்விடும். வைஃபை பெயரின் கடைசியில் 5ஜி என்று இருப்பது இந்த 5 கிகாஹெர்ட்ஸைத்தான் குறிக்கும். சிம் கார்டின் 5ஜிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ரவுட்டர் இருக்கும் அறையிலேயே கணினி இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். மாடியிலோ கடைசி அறையிலோ இருந்தால் 2.4.

அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலாக இருக்கும். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் 1, 6, 11 என்று மூன்றுதான். எதிர் வீடு, மேல் வீடு, கீழ் வீடு எல்லாம் அவற்றிலேயே ஓடும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையை ஒட்டித்தான் வேலை செய்கிறது. அடுப்பு ஓடும் நேரத்தில் மட்டும் நெட் தடுமாறினால் காரணம் அதுதான்.

ரவுட்டரை வைத்திருக்கும் இடத்தைப் பற்றி நம் வீடுகளில் யாரும் யோசிப்பதே இல்லை. கேபிள்காரர் வயரை எங்கே உள்ளே விட்டாரோ அங்கேயே மாட்டிவிடுவோம்: வாசல் பக்கத்துச் செருப்பு ஸ்டாண்டுக்கு மேல், டிவிக்குப் பின்னால், அல்லது பரண் மேல். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தால் அந்தப் பக்கம் முழுவதும் வைஃபை இருட்டு. பெரிய நிலைக்கண்ணாடியும் தண்ணீர்த் தொட்டியும் தடுக்கும். வீட்டின் நடுவில், நெஞ்சு உயரத்துக்கு மேல், சுற்றிலும் திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். புது ரவுட்டர் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். நிறையப் பேருக்குப் புதுசு தேவையே இருக்காது.

கேபிளிலும் 95-ஐத் தாண்டவில்லை, ஆனால் திட்டம் 200 அல்லது 300 என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். 100 எம்.பி.பி.எஸ். போக நான்கு போதும், அதற்கு மேல் ஆயிரம் வரை போக எட்டும் வேண்டும். கூடுதலாக வேண்டிய அந்த நான்கில் ஒன்று அறுந்தாலும் கணினியும் ரவுட்டரும் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். விண்டோஸில் ஈதர்நெட் விவரத்தில் லிங்க் ஸ்பீட் என்ற இடத்தில் 100 என்று இருந்தால் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். சில பெட்டிகளில் ஒரு லேன் துளை மட்டும் ஆயிரத்துக்கானது, மற்றவை நூறுக்கானவை. துளையை மாற்றியும் பாருங்கள்.

புகார் கொடுக்கும்போது

இவ்வளவையும் பார்த்த பிறகு பழுது வெளியே என்று தெரிந்தால் போனை எடுக்கலாம். "நெட் வரலைங்க" என்று மட்டும் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் தன் பட்டியலின் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார்: ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். "எல்.ஓ.எஸ். சிவப்பா மின்னுது, ராத்திரி மழைக்கு அப்புறம் இப்படி இருக்கு, வீட்டுக்குள்ள வயர் மடங்கலை" என்று சொன்னால் ஒளி அளக்கும் கருவியோடு ஆள் வருவார். "பி.ஓ.என். நிலையா எரியுது, இண்டர்நெட் விளக்கு சிவப்பு, பணம் கட்டியாச்சு" என்று சொன்னால் ஆள் வராமலேயே அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து சரிசெய்துவிட வாய்ப்பு உண்டு. "ரவுட்டருக்குப் பிங் 2 வருது, 8.8.8.8-க்கு டைம் அவுட்" என்றால் பேச்சு நேராக விஷயத்துக்கு வரும்.

கேபிளைச் சரிசெய்ய வரும் தம்பி கையில் இருக்கும் சின்னக் கருவியை முனையில் வைத்ததும் மைனஸ் குறியோடு ஒரு எண் காட்டும். ஒளி எவ்வளவு வலுவோடு வருகிறது என்பது அது. மைனஸ் 20 என்றால் தாராளம். மைனஸ் 27-ஐ நெருங்கினால் பெட்டி தத்தளிக்கும், மழை வந்தால் போய்விடும். அவரிடம் அந்த எண்ணைக் கேட்டுப் பெட்டியின் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வரும்போது ஒப்பிட உதவும்.

புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்க வேண்டாம். சொன்ன நாளுக்குள் சரியாகவில்லை என்றால் அந்த எண்ணைச் சொல்லி அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு தொலைத்தொடர்புக் கம்பெனியும் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவருடைய விவரம் கம்பெனியின் தளத்திலேயே இருக்கும்.